நாற்காலிக்காரர்கள் போட்டி கற்ற விதம்

ஒரு தொழில் முன்னேற வேண்டுமானால் அதில் போட்டி இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். மைசூரில் ஷாமியானா வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே அவர்கள் இத்தனை வருஷம் பிழைத்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சில அதிகாரிகளுக்கு நெஞ்சு படபடக்கிறது.

அப்படித் தெரியாமல் பிழைத்தவர்களில் ஒருவர் மகேந்திரன். ஹனூர் பக்கத்துக் குடியானவக் குடும்பம். மீசை முளைத்த வயதில் மைசூருக்கு வந்து, பந்தல் கட்டுகிறவர்களிடம் கயிறு பிடித்து, பிறகு தானே ஒரு கடை போட்டவர். 'மாதேஸ்வரா ஷாமியானா' என்று பலகை. உள்ளே பந்தல் துணி, மேடை விரிப்பு, அண்டா, குண்டான், அப்புறம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிர்க்கடை, அவரைச் சிநேகமாகக் 'குரு' என்று கூப்பிடும் கெம்பையனுடையது. அவரிடமும் இதே சாமான்கள்தான், நாற்காலி மட்டும் நீலம். அதே தெருவில் இன்னும் சில கடைகள், அவரவர் நிறத்தில் நாற்காலிகளோடு.

கெம்பையனுக்குப் பெரிய கல்யாண ஆர்டர் வந்தால் நீல நாற்காலிகளோடு சிவப்பும் கலந்து போகும். மகேந்திரனுக்கு வந்தால் சிவப்போடு நீலம். ஊர்க்காரர்கள் இதை ஒரு அலங்காரம் என்றே நினைத்திருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் தொழில் தொகுப்பு ஊக்குவிப்புப் பிரிவின் இணை இயக்குநர் செலுவநாராயணன் ஒரு நாள் காலை ஜீப்பில் வந்து இறங்கினார். மேல்கோட்டைப் பூர்வீகம், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் கோப்பு. கூடவே ப்ரத்யும்ன என்ற இளம் ஆலோசகர். ஆலோசகரிடம் கோப்பு கிடையாது, தகடு மாதிரி ஒரு டேப்லெட் இருந்தது. அதைப் பார்த்ததும் இது சாதாரண விசாரணை இல்லை என்று மகேந்திரனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்க மெயின் காம்படிட்டர் யாரு?" என்று ப்ரத்யும்ன ஆரம்பித்தான்.

"எதிர்க்கடை கெம்பையனுங்க."

"அவரை மீட் பண்ண முடியுமா?"

"இதா, உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கறாரே, அவருதானுங்க."

கெம்பையன் டம்ளரை லேசாக உயர்த்தி வணக்கம் சொன்னார்.

ப்ரத்யும்ன அவரையும் டம்ளரையும் மாறிமாறிப் பார்த்தான். "உங்க போட்டியாளர் உங்க கடையில காபி குடிக்கிறாரா?"

"எங்க ஊட்டுக்காரி காப்பி நல்லா இருக்கும்னு தினமும் வர்றாருங்க."

"சரி. அவருக்கு நாற்காலி பத்தலைன்னா?"

"என்கிட்ட எடுத்துக்குவாருங்க."

"உங்களுக்குப் பத்தலைன்னா?"

"அவருகிட்ட நான் எடுத்துக்குவனுங்க."

"அக்ரிமெண்ட் ஏதாவது உண்டா?"

"போன் பண்ணிச் சொல்லிக்குவமுங்க. போன் எடுக்கலைன்னா சொல்லாமயே எடுத்துக்குவோம்."

ப்ரத்யும்ன டேப்லெட்டில் எதையோ தட்டினான். ஸ்கேன் படத்தில் மோசமான ஒன்றைப் பார்த்துவிட்ட டாக்டரின் முகம் அவனுக்கு. செலுவநாராயணன் காதில் குனிந்து சொன்னான். அவரும் முகம் இறுகி, தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தப்பட்டவர்களிடம் உண்மையை மறைப்பது தர்மமில்லை என்று தீர்மானித்தார்.

"மகேந்திரன், மனசைத் திடப்படுத்திக்கோங்கோ. உங்க தெருவுக்குத் தீவிரமான போட்டித்திறன் குறைபாடு இருக்கு."

மகேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "குணமாகுமுங்களா?"

"ஆகும். தொழில் தொகுப்புத் திட்டத்துல சேர்த்துட்டா ஆகும். ஒரே தொழில் பண்றவா எல்லாரையும் ஒரே இடத்துல சேர்த்து, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கப் பண்றதுதான் தொகுப்பு."

"இப்பவும் ஒரே தெருவுலதானுங்களே இருக்கறோம்? ஒத்தாசையும் பண்ணிக்கறோம்."

"அது வெறும் தெரு ஸ்வாமி. தானா நடக்கறது. தானா நடக்கறதை அறிக்கையில எழுத முடியாது."

ப்ரத்யும்ன அறிவியல் முறைப்படி விளக்கினான். "முதல்ல நீங்க எல்லாரும் போட்டி போடணும் சார். அதுக்கப்புறம் போட்டியாளர்கள் ஒண்ணு சேர்ந்து ஒத்துழைக்கணும். அதான் வளர்ச்சி. நீங்க என்ன பண்ணிட்டீங்கன்னா, முதல் படியையே விட்டுட்டு நேரா ஒத்துழைப்புக்குப் போயிட்டீங்க."

"தெரியாமப் பண்ணிட்டமுங்க" என்றார் மகேந்திரன் குற்ற உணர்ச்சியோடு.

"பரவாயில்லை. திரும்ப முதல்லேர்ந்து வரலாம்."

*

திரும்ப முதலிலிருந்து வரும் பணி உடனே தொடங்கியது. தொகுப்புக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றார்கள். தெருவில் இருந்த எல்லாரையும் ஒரு ஓட்டல் அறையில் உட்கார வைத்து, மஞ்சள் காகிதத் துண்டுகளைக் கையில் கொடுத்து, தலைமைப் பண்பு யாரிடம் இருக்கிறதோ அவர் சட்டையில் ஒட்டச் சொன்னான் ப்ரத்யும்ன. மகேந்திரன் அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஒட்ட இடம் அதிகம் இருந்தது. அவரே தலைவரானார்.

கழுத்தில் தொங்க ஒரு அடையாள அட்டை கொடுத்தார்கள். விசிட்டிங் கார்டு அடித்தார்கள். அவரே சொந்தச் செலவில் ஒரு நீலக் கோட்டு தைத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று அதைப் போட்டுப் பார்த்தபோது, பந்தலில் கயிறு பிடித்த ஆள் எங்கேயோ தூரத்தில் தெரிந்தான். மனைவி பூங்குழலி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு மேடை ரெடியாயிருச்சுங்களா?" என்று கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார். தலைவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மறுநாளிலிருந்து கெம்பையன் காப்பிக்கு வரவில்லை.

தன் சட்டையிலும் துண்டுகள் ஒட்டப்படும் என்று அவர் நம்பியிருந்தார் போலிருக்கிறது. தெருவில் எதிர்ப்பட்டால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். சில நாட்களில் 'எதிர்க்கடையை விடக் குறைந்த வாடகை' என்று ஒரு பலகை அவர் கடை வாசலில் முளைத்தது. மகேந்திரன் அதைவிடப் பெரிய பலகை வைத்தார். ப்ரத்யும்ன இரண்டு பலகைகளையும் படம் எடுத்துக்கொண்டு போனான். திட்டத்தின் முதற்கட்ட இலக்கு எதிர்பார்த்ததைவிட விரைவாக எட்டப்பட்டதாக அறிக்கை போனது.

பூங்குழலி மட்டும் பழக்கதோஷத்தில் தினமும் ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகக் கலந்துவிட்டு, அதைத் தானே குடித்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டாள்.

இரண்டாம் கட்டம் பொது வசதி மையம். நஞ்சன்கூடு சாலையில், ஊரைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கட்டடம். எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் நாற்காலிகளை உறுப்பினர் பங்களிப்பாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தேவைப்படுகிறவர் செயலியில் பதிந்து எடுத்துக்கொள்ளலாம். சிவப்பும் நீலமும் பச்சையும் கலந்து கிடந்தால் அடையாளக் குழப்பம் வரும் என்பதால் எல்லா நாற்காலிக்கும் சாம்பல் வண்ணம் பூசினார்கள். பிளாஸ்டிக்கில் அந்த வண்ணம் நிற்கவில்லை. ஆனால் உட்கார்ந்தவர்கள் வேட்டியில் நன்றாக நின்றது.

மையம் திறக்கப்படும் வரை நாற்காலிகளை வெளியே எடுக்கக் கூடாது என்று உத்தரவு. மந்திரிக்குத் தேதி கிடைக்கும் வரை மையத்தைத் திறக்க முடியாது. முகூர்த்த மாதம் பூராவும் மைசூர் ஷாமியானாக்காரர்கள் மண்டியாவிலிருந்தும் சாம்ராஜநகரிலிருந்தும் நாற்காலிகளை இரவல் வாங்கி ஓட்டினார்கள். கடைசியில் மந்திரி வந்தார். திறப்பு விழாவுக்குப் பந்தலும் நாற்காலியும் வேண்டுமே? ஷாமியானாத் தொகுப்பின் திறப்பு விழாவுக்குத் தொகுப்பின் உறுப்பினர்களே பந்தல் போட்டால் அது சுயலாபமாகிவிடும் என்று விதி சொன்னது. பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து பந்தல் போட்டது. மந்திரி தன் உரையில் அந்தப் பந்தலை வெகுவாகப் பாராட்டி, மைசூர்த் தொகுப்பின் தரத்துக்கு இதுவே சாட்சி என்றார். மகேந்திரன் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

*

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில் கெம்பையன் வந்தார்.

கடைக்குள் வரவில்லை. பலகைக்குக் கீழே நின்றார். சவரம் செய்யாத முகம். பல மாதமாகப் பேசாத மனுஷன் பேச வந்து, வாசலிலேயே நின்றதைப் பார்த்து மகேந்திரன் தானாகவே இறங்கி வந்தார்.

"குரு, அம்மா போய்ட்டா" என்றார் கெம்பையன். "விடிகாலையில. தூக்கத்துல. அஷ்டே, அவ்வளவுதான்."

அவர் அம்மா மல்லம்மா. தேவராஜா மார்க்கெட்டில் காலமெல்லாம் பூ விற்றவர். அவரிடம் பூ வாங்காமல் மைசூரில் யாரும் கல்யாணம் செய்ததில்லை என்று சொல்வார்கள். அன்றைக்குக் காலை மார்க்கெட்டில் பாதிக் கடை திறக்கவில்லை. பூக்காரிகளும் வெற்றிலைக்காரர்களும் சுமைக்காரர்களும் கெம்பையன் வீட்டு வாசலில் வந்து நிறைந்துவிட்டார்கள். எல்லாரும் வயதானவர்கள். உட்கார ஒரு நாற்காலி இல்லாமல் தெருவில், வெயிலில்.

"ஷாமியானாக்காரன் வீடு குரு" என்றார் கெம்பையன். "என் வீட்டு வாசல்ல சனம் நிக்குது."

மகேந்திரன் செலுவநாராயணனுக்குப் போன் போட்டார். மறுமுனையில் கிசுகிசுத்த குரல். பின்னால் மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நம்ம உறுப்பினர் கெம்பையனோட அம்மா தவறிட்டாங்க. நாற்காலி அவசரமா வேணுமுங்க."

"அடடா. ரொம்ப வருத்தம். செயலியில பதினஞ்சு நாள் முன்னாடி பதிஞ்சிருக்கேளா?"

"சார், இன்னிக்கிக் காலையிலதானுங்க செத்தாங்க."

"வயசு?"

"எம்பதுக்கு மேல இருக்குமுங்க."

"அப்போ எதிர்பார்த்த மரணம்தானே? எதிர்பார்த்த காரியத்துக்கு முன்கூட்டியே பதியறதுல என்ன கஷ்டம்?" செலுவநாராயணன் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. "சரி, அவசரப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. இறப்புச் சான்றிதழ் இணைச்சா உடனே கிடைக்கும்."

"அது வாங்கறதுக்கு நாளாகுமுங்களே சார்."

"ஆகட்டும், ஒண்ணும் அவசரமில்லை. வந்த உடனே இணைச்சுடுங்கோ. இன்னொண்ணு, எப்படியும் மையத்துல இப்போ நாற்காலி இல்லை. எல்லாம் இங்கே நம்ம பயிலரங்கத்துல இருக்கு. மறந்துட்டேளா? உங்க வெற்றிக்கதைக்காகப் பெங்களூர்லேர்ந்து பெரியவர் வந்து காத்துண்டிருக்கார். கோட்டு போட்டுண்டு சீக்கிரம் வாங்கோ."

போனை வைத்துவிட்டு மகேந்திரன் கோட்டைப் பார்த்தார். அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக மேடையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகாவிட்டால் தலைவர் பதவி போய்விடும். போனால் கெம்பையன் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

பூங்குழலி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டெம்போ சாவியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"ஏனுங்க, கோட்டைப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க. நான் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் பின்னாலயே வர்றேன்."

"அங்க பெரிய ஆபீசருங்கெல்லாம் நாற்காலியில உக்காந்துட்டு இருப்பாங்க, பூங்குழலி."

"எந்திரிக்கச் சொல்லுங்க. நீங்க தலைவர்தானே?"

*

ரிங் ரோட்டுப் பக்கத்தில் ஒரு கன்வென்ஷன் ஹால். உள்ளே குளிர்சாதனம். மேடைக்குப் பின்னால் 'போட்டித்திறன்மிக்க தொகுப்புகள்: ஒரு வெற்றிப் பயணம்' என்று துணிப்பதாகை. வரிசை வரிசையாகத் தொகுப்பின் நாற்காலிகள். வண்ணம் பேண்டில் ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வெள்ளை உறை மாட்டி, முதுகில் ரோஸ் நிற சாட்டின் ரிப்பன் கட்டியிருந்தார்கள். முன் வரிசைகளில் அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால், கூட்டம் குறையக் கூடாதென்று கூட்டி வந்திருந்த கல்லூரிப் பெண்கள்.

மகேந்திரனைக் கண்டதும் செலுவநாராயணன் நிம்மதிப் பெருமூச்சு விட்டு மேடைக்குத் தள்ளினார். மகேந்திரன் மைக்கைப் பிடித்தார். ப்ரத்யும்ன எழுதிக் கொடுத்திருந்த உரை சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. கெம்பையன் வாசலில் நிற்கிற கூட்டம்தான் கண்ணில் நின்றது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார். "மல்லம்மா... நம்ம மல்லம்மா காலமாயிட்டாங்க."

அவ்வளவுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன் வரிசையின் நடுவில் இருந்த பெங்களூர் அதிகாரி பக்கத்தில் குனிந்து, "மல்லம்மா யாரு?" என்று கேட்டார்.

செலுவநாராயணனுக்குத் தெரியாது. கெம்பையனின் அம்மா என்று மட்டும் போனில் கேட்டிருந்தார், பேரைக் கேட்டதில்லை. ஆனால் இத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர் மைக்கில் அழுது சொல்லும் பேரைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? பழைய எம்.எல்.ஏ.வா, சுதந்திரப் போராட்ட வீராங்கனையா, மடத்தைச் சேர்ந்தவரா?

"உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார் அதிர்ச்சியோடு.

"தெரியும், தெரியும்" என்றார் பெரிய அதிகாரி அவசரமாக. "நெருங்கிய பழக்கம். நம்ப முடியலை."

தொகுப்பாளினி நிலைமையைப் புரிந்துகொண்டு மைக்கை வாங்கினாள். மறைந்த மாபெரும் ஆளுமை திருமதி மல்லம்மா அவர்களுக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று அறிவித்தாள். எல்லாரும் எழுந்து, கண்ணை மூடி, தலை குனிந்தார்கள்.

மேடையிலிருந்து மகேந்திரன் பார்த்தார். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். பின்கதவில் பூங்குழலி. அவளுக்குப் பின்னால் ஆட்கள். அவர் தலையை அசைத்தார். அதையும் துக்கமாகத்தான் அசைத்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, ஒருவர் தூக்க. சாவு வீட்டுக்கும் ராத்திரிக் கல்யாணத்துக்கும் போய்ப் பழகிய ஆட்கள், சத்தம் வராது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்ட ஒரு கல்லூரிப் பெண் காரணம் கேட்காமல் தன் நாற்காலியைத் தானே நகர்த்திக் கொடுத்தாள். பயிலரங்கம் முடிவதற்கு எது உதவினாலும் அவளுக்குச் சம்மதம்.

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பெரிய அதிகாரி தலை நிமிராமல் மற்றவர்கள் நிமிர முடியாது. அவருக்கோ, நெருங்கிய பழக்கம் என்று சொல்லியாயிற்று, முதலில் நிமிர்ந்தால் நன்றாயிருக்காது. யாராவது இருமினால் நிமிரலாம் என்று அவர் காத்திருந்தார். அவர் நிமிர்ந்தால் இருமலாம் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். இப்படி மைசூர் மாவட்டத்தின் மொத்தத் தொழில் நிர்வாகமும் ஒரு பூக்காரிக்குத் தலை வணங்கி நின்றது. வேறு எந்தப் பூக்காரிக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்காது.

முன் வரிசையை எடுக்க ஆட்கள் தயங்கினார்கள். மகேந்திரன் இறங்கி வந்து, பெரிய அதிகாரியின் பின்னாலிருந்த நாற்காலியைத் தானே எடுத்தார்.

கடைசியில் யாரோ தும்மினார்கள். எல்லாரும் நிமிர்ந்தார்கள், உட்காரக் குனிந்தார்கள், குனிந்தபடியே நின்றார்கள். மண்டபம் மைதானமாகக் கிடந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இது தனக்கு மேலே இருக்கிறவரின் ஏற்பாடு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். எல்லாருக்கும் மேலே இருந்தவர், மல்லம்மாவைத் தெரியாததால் இந்த மரபும் தனக்குத் தெரியாமல் போயிற்று என்று நினைத்தார். பயிலரங்கம் நின்றபடியே தொடர்ந்தது. மத்தியானம் வரை நீளவேண்டிய உரைகள் சீக்கிரமே முடிந்துவிட்டன.

கெம்பையன் வீட்டு வாசலில் பூக்காரிகள் வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். முதுகில் சாட்டின் ரிப்பன்கள் காற்றில் ஆடின. அவிழ்க்க நேரமில்லை. கெம்பையன் அதைப் பார்த்து அழுதார், அழுகைக்கு நடுவே சிரித்தார்.

"இஷ்டு, இவ்வளவு ஷோக்கு அவ கல்யாணத்துக்குக்கூட இருந்திருக்காது, குரு."

மகேந்திரன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் கயிற்றைப் பிடித்தார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், கெம்பையன் எதிர்க்கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பூங்குழலி டம்ளரை நீட்டினாள்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் திட்டம் முடியவில்லை.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும் என்று மகேந்திரன் பயந்துகொண்டிருந்தபோது, செலுவநாராயணனும் ப்ரத்யும்னவுமே நேரில் வந்தார்கள். மகேந்திரன் காலில் விழத் தயாராக எழுந்தார். செலுவநாராயணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அன்னிக்கு நீங்க பண்ணின காரியம் இருக்கே, அற்புதம். பெங்களூர்ல ஒரே பேச்சு. நாற்காலி இல்லாத பயிலரங்கம்! எவ்வளவு நேரம் மிச்சம்!"

ப்ரத்யும்ன அதற்குள் அதை ஒரு ஆய்வுக் கட்டுரையாக்கியிருந்தான். உட்காருகிறவனைவிட நிற்கிறவன் முடிவெடுக்கும் வேகம் கூடுதல் என்று வரைபடம் போட்டிருந்தான். இனி எல்லாத் தொகுப்புக் கூட்டங்களும் நின்றபடியே நடக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கூட்டங்களுக்கு நாற்காலி கொடுத்து வந்த நாற்காலித் தொகுப்புக்கு அந்தச் சுற்றறிக்கையின் முதல் பிரதி வந்தது.

பிறகு அது ஊரில் பரவியது. ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் நின்று கூட்டம் போட்டார்கள். கோகுலத்தில் யோகா சொல்லிக்கொடுக்கும் ஒருவர், உட்காருவதால் முதுகுத்தண்டில் பிராணன் மடங்குகிறது என்று பேட்டி கொடுத்தார். ஒரு பெரிய நகைக்கடைக்காரர் மகள் கல்யாணத்தை 'ஸ்டாண்டிங் ரிசப்ஷன்' என்று அழைப்பிதழில் போட்டார். அதற்குப் பிறகு நாற்காலி போட்டுக் கல்யாணம் செய்கிறவர்களை மைசூரில் கொஞ்சம் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் தூணில் சாய்ந்து நின்று, தட்டைக் கையில் ஏந்தி, "ரொம்ப நல்லாருக்கு, மாடர்னா இருக்கு" என்றார்கள்.

மகேந்திரனும் கெம்பையனும் நாற்காலிகளைப் பொது வசதி மையத்தில் அடுக்கிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஒரு ரிசப்ஷனில், முழங்கால் வலி தாங்காத ஒரு ரிட்டையர்டு நீதிபதி மகேந்திரனை ஓரமாக அழைத்து, யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு நாற்காலி கிடைக்குமா, என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்று கேட்டார்.

கூடவே நின்ற கெம்பையனும் மகேந்திரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை பயிலரங்கங்களில் கேட்டும் விளங்காத பாடம் அந்த நொடியில் விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு மூலையில் திரை கட்டினார்கள். திரைக்கு உள்ளே கொஞ்சம் நாற்காலிகள். அதிகம் போடமாட்டார்கள். மற்றதெல்லாம் மையத்தில் பூட்டியே கிடக்கும். உள்ளே போக பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்க சிபாரிசு வேண்டும். தெருவில் மற்ற கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பழைய வாடகையை நினைத்தாலே இப்போது சிரிப்பு வந்தது. 'உட்கார்ந்து வந்தோம்' என்று சொல்லிக்கொள்வது மைசூரில் ஒரு கௌரவமாயிற்று. நெருங்கிய சொந்தக்காரர்கள் பாஸுக்காகப் பேச்சை முறித்துக்கொண்டார்கள். ப்ரத்யும்ன வந்து அளந்து பார்த்துவிட்டு, நாட்டிலேயே போட்டித்திறன் மிக்க தொகுப்பு இதுதான் என்று சான்று கொடுத்தான்.

போன மாதம் செலுவநாராயணன் தன் மகள் ரஞ்ஜிதாவின் ரிசப்ஷனை நடத்தினார். மண்டபம் நிறைய ஜனங்கள் நின்றார்கள். திரையின் ஒரு பக்கம் கெம்பையன், இன்னொரு பக்கம் நீலக் கோட்டில் மகேந்திரன். பெண்ணின் அப்பாவும் தன் பாஸைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போய் உட்கார்ந்தார்.

பூங்குழலி பட்டுச்சேலையில் வந்திருந்தாள். ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். கால் கடுக்கத் திரைப்பக்கம் வந்தாள்.

"நகருங்க. செத்த நேரம் உக்காந்துக்கறேன்."

"பாஸ்?" என்றார் மகேந்திரன். வாய் தவறித்தான் வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு அவர் நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்குழலி அவரை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மண்டபத்தின் நடுவில் போய், சேலையை ஒதுக்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காலை நீவிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு சுகமான பெருமூச்சை அந்த மண்டபம் வெகு நாளாகக் கேட்டதில்லை.

எல்லாருடைய பார்வையும் அவள்மேல். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா மெதுவாகச் சரிந்து அவளருகில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு தாத்தா. அலங்காரத்துக்குப் பொறுப்பான பெண் ஓடி வந்து செல்போனில் படம் எடுத்தாள். "வாவ், ஃப்ளோர் சீட்டிங்! ட்ரெடிஷனலா எவ்வளவு அழகா இருக்கு! அடுத்த கல்யாணத்துக்கு இதையே பண்ணிடலாம்."

மகேந்திரனுக்கும் காலையிலிருந்து கால் வலி. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார்.

"குரு" என்று காதோரம் கெம்பையன் மூச்சு விட்டார். "தரை எல்லாருக்கும் சும்மா கிடைக்குதே, ஏன் மாடோது, என்ன பண்றது?"

இரண்டு பேரும் மண்டபத்தின் தரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கண்ணால் அளந்தார்கள். பிறகு மகேந்திரன் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக மனைவியிடம் போய்க் குனிந்தார்.

"எந்திரி பூங்குழலி. அந்த எடத்துக்கு இன்னும் ரேட்டுப் போடலை."